ஐந்து ரூபாய்ப் பொட்டலம் தயாரிக்கும் பெருமக்களுக்கு



சோப்பையும் பிஸ்கட்டையும், பற்பசையையும் தேயிலைத் தூளையும், ஷாம்பையும் மிக்சரையும் பொட்டலங்களாகக் கட்டி, ஊர் தவறாமல், ஊரில் தெரு தவறாமல், தெருவில் பெட்டிக்கடை தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் உங்களிடம், அவற்றை வாங்கி உபயோகிப்பவர்களில் ஒருவனாக ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன். விலையை ஏற்றாதீர்கள் என்பதல்ல என் விண்ணப்பம். பாமாயிலும் கோதுமையும் சர்க்கரையும் ஏறும்போது, கூலியும் டீசலும் அட்டைப்பெட்டியும் ஏறும்போது, நீங்கள் மட்டும் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமும் அல்ல, நடக்கிற காரியமும் அல்ல. ஏற்றுவதை எங்கள் கண்ணெதிரே ஏற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நம் குடும்பங்களில் சாமான் வாங்கும் வழக்கம் இருவகைப்பட்டது. நிறுத்து வாங்குவது ஒன்று, பொட்டலமாக வாங்குவது மற்றொன்று. தக்காளி, வெங்காயம், துவரம் பருப்பு, தங்கம் ஆகியவற்றில் எடை அசையாமல் நிற்கிறது, விலைதான் ஏறி இறங்குகிறது. 1999-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிப் பிறகு தமிழ்நாடெங்கும் பரவிய உழவர் சந்தைகளில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பை தூக்கி வருகிற பெண்மணி அந்தப் பலகையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்த மாத்திரத்தில், இன்று என்ன குழம்பு என்பதை மனத்துக்குள் மாற்றி அமைத்துவிடுகிறாள். 2023 ஜூலை மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் நியாயவிலைக் கடைகள் மூலம் அறுபது ரூபாய்க்கு அரசாங்கம் விற்க நேர்ந்தபோது, நம் சமையலறைகளில் நடந்ததைப் பொருளாதார சாஸ்திரிகள் வந்து பார்த்திருக்க வேண்டும். ரசத்தில் தக்காளி குறைந்து புளி கூடியது. தக்காளிச் சட்னி இருந்த இடத்துக்கு மல்லிச் சட்னி வந்தது. கிலோ வாங்கியவர்கள் கால் கிலோ வாங்கினார்கள். முணுமுணுப்புக்கும் குறைவில்லை. ஆனால் தாம் ஏமாற்றப்பட்டதாக ஒருவரும் நினைக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

பொட்டலத்திலோ விலை அசையாமல் நிற்க, எடை ஏறி இறங்குகிறது என்று சொல்ல வந்தேன். உண்மையில் அது இறங்குவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோமே தவிர, ஏறிப் பார்த்தது அபூர்வம்.

இந்த வழக்கம் வெறும் பேராசையினால் பிறந்ததென்று சொல்லும் அளவுக்கு நான் உங்களிடம் பகைமை கொண்டவன் அல்ல. இதற்கு வாங்குகிறவர்களாகிய நாங்களும் ஒரு காரணம். நாணயமும் ஒரு காரணம். கடைக்குப் போகிற குழந்தை இத்தனை கிராம் பிஸ்கட் வேண்டும் என்று கேட்பதில்லை, "அஞ்சு ரூபா பிஸ்கட் ஒண்ணு" என்றுதான் கேட்கிறது. விலையே பண்டத்தின் பெயராகிவிட்ட பிறகு, அந்த விலையை மாற்றுவது பெயரையே மாற்றுவதுபோல் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் கோகோ கோலா பானம் 1886-இல் ஐந்து சென்ட்டுக்கு விற்கத் தொடங்கி, இரண்டு உலக யுத்தங்களையும் கடந்து, 1950-கள் வரையில் அதே ஐந்து சென்ட்டில் நின்றது. விளம்பரப் பலகையெல்லாம் அந்த விலையை எழுதியாகிவிட்டது; விற்பனை இயந்திரங்களும் ஐந்து சென்ட் நாணயத்தையே ஏற்கும்படி செய்யப்பட்டிருந்தன; அடுத்த நாணயமோ பத்து சென்ட். விலையை ஒரேயடியாக இரட்டிப்பாக்க அஞ்சிய அந்த நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் வுட்ரஃப், ஏழரை சென்ட்டுக்கு ஒரு புதிய நாணயம் அடிக்கலாகாதா என்று 1953-இல் ஜனாதிபதி ஐசனோவரையே கேட்டுக்கொண்டார் என்பது வியாபார சரித்திரத்தின் சுவாரஸ்யமான செய்திகளில் ஒன்று. நாணயம் பிறக்கவில்லை, விலைதான் கடைசியில் வழிவிட்டது.

நம் நாட்டில் கால் ரூபாய் நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமற் போயிற்று. அரை ரூபாய் சட்டப்படி செல்லுபடியானாலும், அதை நீட்டுகிறவரைக் கடைக்காரரும் நடத்துனரும் பார்க்கிற பார்வையில் அது செல்லுவதில்லை. ஆகவே ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்ற நான்கு படிகளில்தான் உங்கள் சிறு பொட்டலங்கள் நின்றாக வேண்டும். இடையிலே நிற்க இடமில்லை. இந்தப் படிகள் இத்தனை இறுகுவதற்கு முன் பார்லே-ஜி பிஸ்கட் நெடுங்காலம் நான்கு ரூபாயில் நின்றதும், ஒருமுறை அதை அரை ரூபாய் உயர்த்திப் பார்த்து, விற்பனை விழுந்ததால் பழைய விலைக்கே திரும்ப நேர்ந்ததும் உங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த பாடம். அந்தப் பாடத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவு, விலையைத் தொடாதே, எடையைத் தொடு என்பது. நூறு கிராமாக இருந்த சிறு பொட்டலம் தொண்ணூற்றுச் சொச்சமாகி, எண்பதுகளுக்கு இறங்கி, இன்று ஏறக்குறையப் பாதியாக நிற்கிறது.

சிறு பொட்டலம் என்பதே வேண்டாத சூழ்ச்சி என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் அவர்கள் ஷாம்பைச் சின்னஞ்சிறு உறைகளில் அடைத்து விற்க வழிகண்டதும், அவருடைய புதல்வர் ரங்கநாதன் சிக் ஷாம்பை ஐம்பது காசுக்குக் கொண்டுவந்ததும், மொத்தமாகப் பாட்டில் வாங்கப் பணம் புரளாத வீடுகளுக்கு ஒரு வசதியைத் திறந்துவிட்டன. நாட்கூலி வாங்குகிறவன் அன்றைய கூலியில் அன்றைய சாமானை வாங்குகிறான். அவனுக்கு ஐந்து ரூபாய்ப் பொட்டலம் அவசியமானது. அவனே எடைக் குறைப்பின் பெருஞ்சுமையைத் தாங்குகிறவனும் ஆகிறான், ஏனெனில் கிலோக் கணக்கில் வாங்குகிறவனுடைய பொட்டலம் இத்தனை வேகமாக இளைப்பதில்லை.

ஜெர்மனியில் லைப்ஸிக் சர்வகலாசாலையில் 19-ஆம் நூற்றாண்டில் ஆசிரியராக விளங்கிய ஏர்ன்ஸ்ட் வேபர் என்ற அறிஞர், மனிதர்கள் கையிலே எடைகளைக் கொடுத்து, எவ்வளவு கூடினால் அல்லது குறைந்தால் அவர்களுக்குத் தெரிகிறது என்று ஆராய்ந்தார். கூடுதல் எத்தனை கிராம் என்பதல்ல, ஏற்கெனவே கையில் இருப்பதில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதே முக்கியம் என்பது அவர் கண்ட உண்மை. சாதாரணமாகத் தூக்கிப் பார்க்கும் எடையில் நாற்பதில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் கை உணர்ந்துவிடுமாம். அப்படியானால் நூறு கிராமில் ஏழெட்டுக் கிராம் குறைவதை எங்கள் கைகள் ஏன் உணரவில்லை என்று கேட்கலாம். வேபர் இரண்டு எடைகளையும் அடுத்தடுத்துத் தூக்கச் செய்தார். நாங்களோ இன்று வாங்கும் சோப்பைப் போன மாதம் கரைந்துபோன சோப்போடு ஒப்பிட்டாக வேண்டும். கரைந்துபோனதற்கு எடை ஏது? விலை ஞாபகத்தில் நிற்கிறது, எடை நிற்பதில்லை என்கிற இந்த ஒரு பலவீனத்தின்மீதே உங்கள் உபாயம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

அதன் விளைவை நீங்கள் உங்கள் விற்பனைக் கணக்குகளில் காண முடியாது. எங்கள் வீடுகளில் காணலாம். மாதம் முப்பது நாளும் வந்துகொண்டிருந்த துணி சோப்பு இருபத்தைந்தாம் தேதியே தீர்ந்துபோனால், சோப்பு சிறுத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "தண்ணியிலேயே ஊற வெச்சுட்டுப் போயிடறே" என்று மாமியார் மருமகளைச் சொல்கிறாள். பற்பசையை விரல் நீளத்துக்குப் பிதுக்குகிறான் என்று தகப்பன் பிள்ளையைக் கடிகிறான். காபித்தூள் சீக்கிரம் தீர்ந்தால் வேலைக்கு வருகிற அம்மாள்மீது ஒரு பார்வை விழுகிறது. விலை ஏறியிருந்தால் குடும்பம் முழுவதும் ஒன்றுசேர்ந்து உங்களைத் திட்டியிருக்கும். எடை குறைந்ததால் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொள்கிறது. தக்காளி விலை ஏறியபோது இல்லத்தரசிக்கு ஒரு சுதந்திரம் இருந்தது. குறைத்து வாங்கலாம், மாற்றுப் பண்டம் தேடலாம், நாலு நாள் பொறுத்திருக்கலாம். எடையைக் குறைக்கிறபோது நீங்கள் எடுத்துக்கொள்வது சில கிராம் பண்டத்தை மட்டுமல்ல, இந்தச் சுதந்திரத்தையும் சேர்த்துத்தான். காசு போனால் போகட்டும் என்று விடலாம். சிக்கனமாக இருப்பவளை ஊதாரி என்று அவள் வீட்டாரே நினைக்கும்படி செய்வதை எப்படி விடுவது?

எங்கள் தெரு முனைக் கடையில் ஒருநாள் கேட்ட சம்பாஷணையை இங்கே அப்படியே எழுதுகிறேன். வயதான ஆச்சி ஒருவர் குளியல் சோப்பு ஒன்றை வாங்கி, உறையோடு உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, முன்னேயெல்லாம் கைக்கு அடங்காம இருக்கும், இப்போ நடுவுல சூம்பிப்போய்க் கிடக்கே?" என்றார். "நான் என்ன செய்ய ஆச்சி, கம்பெனிக்காரன் அப்படித்தான் அனுப்புறான். விலை அதே பத்து ரூபாதான்" என்றார் கடைக்காரர். "விலையை யாரு கேட்டா?" என்று ஆச்சி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிகர எடை என்ற சமாசாரம் உறையின் மடிப்போரத்தில், பச்சைமேல் வெள்ளையாக, அதுவும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. கூட வந்த பேரன் அதை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னான். ஆனால் போன மாதம் எத்தனை என்பது பேரனுக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. சோப்புக்கட்டியின் நடுவில் இருபுறமும் குழிவிட்டு வார்ப்பது கைக்கு வாட்டமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். அந்த வாட்டம் எங்கள் கைக்குத் திடீரென்று தேவைப்பட்டது எப்போது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

விலையையும் எடையையும் தொடாமல் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஆவின் நிறுவனம், நாலரை சதவீதக் கொழுப்புள்ள பச்சை உறைப் பாலுக்குப் பதிலாக, மூன்றரை சதவீதக் கொழுப்புள்ள ஊதா உறைப் பாலை அதே லிட்டர் 44 ரூபாய் விலையில் கொண்டுவந்தது. விலை மாறவில்லை, அளவும் மாறவில்லை. ஆயினும் அது மறைமுக விலையேற்றம் என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது. தினந்தோறும் வாங்குகிற பண்டத்தில் ஜனங்களின் கவனம் கூர்மையாக இருக்கும்; காபி டம்ளரே சாட்சி சொல்லிவிடும். மாதம் ஒருமுறை வாங்குவதில் அந்தக் கூர்மை இல்லை. உங்களுக்கும் இது தெரியாததல்ல.

இனி உங்கள் தரப்பு வாதத்துக்கு வருகிறேன். வெளிப்படையாக இருந்தவன் கெட்டான் என்பதற்கு நீங்கள் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகளை உதாரணம் காட்டுவீர்கள். ஆப்பிள் நிறுவனத்தின் விற்பனைக் கடைகளை நிர்மாணித்துப் புகழ்பெற்ற ரான் ஜான்சன் அங்கே தலைமை ஏற்று, ஏற்றிப் போட்டுப் பிறகு தள்ளுபடி கொடுக்கிற வழக்கத்தையும் கூப்பன்களையும் 2012-இல் ஒழித்து, இனி எல்லா நாளும் ஒரே நேரான விலை என்று அறிவித்தார். அந்த ஆண்டிலேயே விற்பனை நாலில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஜனங்கள் ஏமாறவே விரும்புகிறார்கள் என்று இதற்குப் பொருள் சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது டாலர் என்று எழுதி அடித்துவிட்டு இருபது என்று போட்டிருந்தால், அந்த நாற்பது ஓர் அளவுகோலாக நின்று, இருபது லாபம் என்று மனத்துக்குச் சொல்கிறது. நம் ஊர் ஆடித் தள்ளுபடியும் அதைத்தான் செய்கிறது. அளவுகோலைப் பிடுங்கிவிட்டு, மாற்றாக ஒன்றும் கொடுக்காமல், "இது நியாயமான விலை, நம்புங்கள்" என்றால் எதனோடு ஒப்பிட்டு நம்புவது? ஜான்சன் உண்மையைச் சொன்னார். அதைச் சரிபார்க்கும் வழியைச் சொல்லவில்லை. நீங்களோ எடையை மாற்றும்போது பழைய எடையை உறையிலிருந்து நீக்கி, எங்கள் அளவுகோலையும் சேர்த்து நீக்கிவிடுகிறீர்கள்.

விலை ஏறும்போதெல்லாம் ஜனங்கள் கோபிப்பதில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. கானேமன், நெட்ச், தேலர் என்ற மூன்று அறிஞர்கள் கனடாவில் மக்களிடம் விசாரித்து 1986-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பெரும் பனி பெய்த மறுநாள் காலையில், பதினைந்து டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வாரியைக் கடைக்காரர் இருபது டாலராக உயர்த்தினால் அது நியாயமா என்ற கேள்விக்கு நூற்றுக்கு 82 பேர் அநியாயம் என்றார்கள். அதே மக்கள், கடைக்காரருக்கே கொள்முதல் விலை கூடியிருந்தால் அவரும் கூட்டி விற்பது நியாயமே என்றார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது பால் பாக்கெட்டை இரு மடங்குக்கும் மேலாக விற்றவர்களும் இருந்தார்கள், பழைய விலைக்கே கொடுத்தவர்களும் இருந்தார்கள். இருவகைக் கடைகளும் எவையெவை என்பதை அந்தந்தத் தெருவாசிகள் இன்றைக்கும் சொல்வார்கள். செலவு கூடியதால் ஏற்றினான் என்றால் பொறுப்பார்கள். நம் அவஸ்தையைப் பார்த்து ஏற்றினான் என்றால் பொறுக்கமாட்டார்கள்.

வெகுதூரம் போவானேன்? சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் செய்ததைப் பாருங்கள். 1995-இல் கால் ரூபாயிலிருந்து அரை ரூபாய்க்கும், 2007-இல் அரையிலிருந்து ஒரு ரூபாய்க்கும் உயர்ந்த தீப்பெட்டி விலை, அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அசையவில்லை. சிவப்புப் பாஸ்பரமும் மெழுகும் அட்டையும் தாங்கமுடியாதபடி ஏறிய பிறகு, சங்கங்கள் கூடிப் பேசி, 2021 டிசம்பர் 1 முதல் ஒரு பெட்டி இரண்டு ரூபாய் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எந்த மூலப்பொருள் எத்தனை ஏறியது என்பதைப் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். பெட்டியில் முப்பத்தாறாக இருந்த குச்சிகளை ஐம்பது ஆக்குவதாகவும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு குச்சியின் விலை ஏறக்குறைய 2.8 காசிலிருந்து 4 காசாகிறது. பெட்டியின் விலை இரட்டித்தாலும் குச்சியின் விலை பாதிகூட ஏறவில்லை. கோடானுகோடி வீடுகளில் தினமும் உபயோகமாகும் பண்டம் ஒரே நாளில் இரு மடங்காகியும் நாடு கொந்தளிக்கவில்லை. அந்தத் தொழிலுக்கு மெய்யான தொல்லை மலிவான வெளிநாட்டு லைட்டரால் வந்தது, விலையைச் சொல்லி ஏற்றியதால் அல்ல.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பிஸ்கட், தேயிலை முதலியவற்றை இன்னின்ன எடையில்தான் கட்டவேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்த அட்டவணையை, 2021-இல் அறிவித்த திருத்தத்தால் எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு கிராம் என்ன விலை என்பதை உறையில் அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விலையை இரண்டு தசம ஸ்தானங்களுக்கு முழுமைப்படுத்தி எழுதவேண்டும் என்பது விதி. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் 58 கிராமாக இருந்தாலும் கிராம் 9 காசுதான். அது 53 கிராமாக இளைத்தாலும் அதே 9 காசுதான். ஐந்து கிராம் மறைந்தது அந்த எண்ணுக்குத் தெரியவே தெரியாது. கிராமுக்குப் பதில் நூறு கிராமுக்கு என்று எழுதியிருந்தால் 8 ரூபாய் 62 காசு 9 ரூபாய் 43 காசானது குழந்தைக்கும் புலப்பட்டிருக்கும். பிரான்ஸ் தேசத்தில் 2024 ஜூலை முதல், எடை குறைந்தும் விலை குறையாத பண்டத்தின் அருகே அந்தச் செய்தியைப் பெரிய கடைகள் இரண்டு மாதம் எழுதி வைக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நம் சர்க்கார் அதைச் செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் முதலியவற்றின் மீதான ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தின் விலை கணக்குப்படி 4 ரூபாய் 45 காசாயிற்று. அவ்விதமே அச்சிட்ட பொட்டலங்களும் வந்தன. மீதி 55 காசை யார், எந்த நாணயத்தில் கொடுப்பது என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். விலையை ஐந்து ரூபாயிலேயே வைத்து எடையைக் கூட்டித் தரவே உங்களில் பலர் அப்போது விரும்பினீர்கள். அப்படி எடை கூடும் சமயத்தில் அதை உறையின் முகப்பில், மஞ்சள் வட்டத்துக்குள், கொட்டை எழுத்தில் எழுத உங்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அதே இடத்தை, அதே மஞ்சள் வட்டத்தை, எடை குறைகிற காலத்திலும் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். முந்தைய எடை இவ்வளவு, இப்போதைய எடை இவ்வளவு, காரணம் இது என்று மூன்று வரி, வாங்குகிறவர்கள் படிக்கும் மொழியில், மூன்று மாதம் இருந்தால் போதும். அதோடு, சரக்குப் பெட்டிக்குள் கடைக்காரருக்கு ஒரு சிறு அட்டையும் வைத்து அனுப்புங்கள். ஆச்சிகள் கேள்வி கேட்பது உங்களிடம் அல்ல, அவரிடம்தான்.

இங்ஙனம்,
உங்கள் பண்டங்களை இன்னமும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவன்